வேலாத்தாள் கேட்ட கடன்

பல்லடம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி. அதன் முதலாளி தண்டபாணி, தீபாவளி போனஸ் கவர்களை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"என் மச்சான் ஒரு ஸ்கீம் ஆரம்பிச்சிருக்கான். நூறே நாள்ல பணம் ரெட்டிப்பு! எல்லாரும் போனஸை அதுலதான் போடணும். சேமிக்கிற பழக்கம் உங்களுக்கெல்லாம் எப்பத்தான் வரப்போகுது?"

எல்லோரும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். கூட்டிப் பெருக்கும் வேலாத்தாள் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"போடலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே," என்றார் முதலாளி.

"போடறனுங்க. ஆனா எட்டாயிரம் போட்டா என்னத்துக்கு ஆகுமுங்க? நீங்க ஒரு லட்சம் கடன் குடுங்க. நூறு நாள்ல ரெண்டு லட்சம் ஆயிருமுங்களே, ஒன்றரை லட்சத்தை உங்களுக்கே தந்தர்றனுங்க."

"நல்லா இருக்கே! பணம் வராமப் போச்சுன்னா என் லட்சத்துக்கு யாரு பொறுப்பு?"

மைக்கை அவர் அணைத்திருக்கவில்லை. தையல் ஹால் முழுக்க அது கேட்டது.

தண்டபாணியின் முகம் கறுத்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துத் தாள்களைக் கிழித்துவிட்டுக் கவர்களைக் கொடுத்தார். வாங்கியவர்களும் தலை குனிந்தே வாங்கினார்கள்.

"எப்படிக்கா இப்படிக் கேக்கத் தோணுச்சு?" என்றாள் பக்கத்தில் நின்ற டெய்லர் பெண்.

வேலாத்தாள் சிரிக்கவில்லை.

"போன வருசம் இதே மாதிரி ஒண்ணுல, மகளோட கம்மலை வித்துப் போட்டேன் கண்ணு. இப்ப இவரு கேட்ட கேள்வியை அன்னிக்கு நான் கேக்கலை. இன்னைக்கும் அவ மொகத்தைப் பாத்துப் பேச முடியலை."