தட்டினால் எழும் கரடி

ஐம்பது வயதில் மழலையர் வகுப்பு நடத்தப் பழக வந்தவள் தெய்வானை. பழக்கிக்கொடுத்த பூங்கொடிக்கு முப்பதைத் தாண்டி அதிகமில்லை. இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

அன்று பள்ளி விட்டதும் தெய்வானை வந்து நின்ற கோலத்தைப் பார்த்துப் பூங்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நிலவன் விழுந்துட்டான் டீச்சர். பெஞ்சு முனை பட்டு நெத்தியில ரத்தம். மத்த பிள்ளைங்க கையில டேப்லெட்டோட சும்மா நிக்குதுங்க. இந்த ஆதிரை மட்டும் கிட்ட போனா. போயி, அவன் தோளை விரலால தட்டிட்டுக் காத்துக்கிட்டிருக்கா."

"எதுக்கு?"

"டேப்லெட் விளையாட்டுல கரடி விழுந்தா தட்டுவாங்கல்ல, எந்திரிச்சிருமே. அந்த மாதிரி. நல்லவேளை, ஆயாம்மா ஓடி வந்து தூக்கினாங்க."

டேப்லெட்டைக் கொடுத்துப் பழக்கியது தெய்வானைதான். கொடுத்தால் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும். அந்த நிம்மதிக்கு ஆசைப்பட்டுவிட்டாள்.

"பச்சைப் பிள்ளைங்க மனசைக் கல்லாக்கிட்டேனா டீச்சர்? அப்படின்னா இந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நாளையிலிருந்து நான் வரல. அந்த டேப்லெட்டை எல்லாம் பூட்டி வெச்சிருங்க."

"நாளைக்கு ஒருநாள் வாங்க. பூட்டுறதை அப்புறம் பார்க்கலாம்."

மறுநாள் பூங்கொடி குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தாள். மடியில் டேப்லெட். கரடி விழுந்தது, ஆதிரை தட்டினாள், எழுந்தது. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தவள் இரண்டடி வைப்பதற்குள் தடாலென்று விழுந்தாள்.

எழவில்லை. கண் மூடியிருந்தது.

வாசலில் நின்ற தெய்வானைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடவுளே, இதுகளில் ஒன்றாவது பதறட்டும் என்று வேண்டிக்கொண்டு குழந்தைகளையே பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

ஆதிரை மட்டும் போனாள். டீச்சரின் தோளில் தட்டினாள். காத்திருந்தாள். திரும்பவும் தட்டினாள். அந்தச் சின்ன உதடு பிதுங்கியது. சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். மற்றப் பிள்ளைகளும் திரும்பினார்கள். பயந்து வெளியே ஓடத்தான் பார்க்கிறார்கள் என்று தெய்வானை நினைத்தாள்.

பூங்கொடி கண் திறந்து, ஆதிரையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. டீச்சருக்கு ஒண்ணுமில்ல."

தெய்வானை கிட்டே வந்தாள். "பார்த்தீங்களா டீச்சர்? உங்களைக்கூட ஒருத்தரும் தூக்க வரல."

"நான் கண்ணை மூடியிருந்தேன். பிள்ளைங்க எங்கே பார்த்துச்சுங்க அக்கா?"

"வாசலைப் பார்த்துச்சுங்க."

குழந்தையின் முதுகைத் தடவியபடியே பூங்கொடி கேட்டாள்.

"வாசல்ல யார்க்கா நின்னது?"