எஞ்சின் இல்லாமல் இறங்கிய ஜீப்

மலை உச்சியில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மேனேஜர் துரை வைத்ததுதான் சட்டம். போன மழையில் செங்கமலம் பிரசவ வலியில் துடித்தபோது, "எஞ்சின் பழுது" என்று ஜீப்பைத் தர மறுத்துவிட்டார். அவள் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலேயே செத்துப்போனாள். ஆட்கள் முணுமுணுத்ததும், பழுது நிஜம்தான் என்று காட்ட எஞ்சினையே கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டார்.

இந்த மழையில் பவுன்தாயியின் பிள்ளைக்கு ஜன்னி கண்டது. தூக்கிக்கொண்டு துரையின் பங்களா வாசலில் போய் அழுதாள். ஆட்களும் கூடிவிட்டார்கள்.

துரை சிரித்தார். "எஞ்சின் தரையில கிடக்கு. அது இல்லாம ஓடும்னா எடுத்துட்டுப் போ."

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க தொரை" என்றவள் டிரைவரிடம் திரும்பினாள். "இருளப்பண்ணே, ஆஸ்பத்திரி வரைக்கும் இறக்கம்தானே? பிரேக் பிடிக்கும்ல?"

"பிடிக்கும் தாயி. கை பிரேக்கும் இருக்கு."

ஆட்கள் தள்ளிவிட, ஜீப் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. பிள்ளை பிழைத்தது.

மறுநாள் துரை ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே வந்து கத்தினார். "ஜீப்பை மேல கொண்டாங்கடா!"

"ஏற எஞ்சின் வேணுமே தொரை. குடுத்தனுப்புங்க, மாட்டிக் கொண்டாறோம்" என்றாள் பவுன்தாயி.

எஞ்சினைக் கம்பில் கட்டி லயத்து ஆண்கள்தான் சுமந்து இறக்கினார்கள். இருளப்பன் அதைப் பொருத்திச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதில் ஒரு பழுதும் இல்லை.

துரை தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கம்பு சுமந்து வீங்கிய தோளோடு, செங்கமலத்தின் புருஷன் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே நின்றான்.