ஒரு கூடை மண் அபராதம்

வெகு காலத்துக்கு முன்னே மணற்குன்றச் சீமையை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, தோன்றியபோது ஆண்டான் என்று சொல்லலாம். வழக்கு விசாரிப்பது அவனுக்கு வேப்பங்காய். வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு சபையில் உட்காருவான். வாயிலிருப்பது சக்கையாவதற்குள் தீர்ப்பு வந்துவிட வேண்டும்.

அதற்குத் தோதாக ஒரு நியாயாதிபதி வாய்த்திருந்தார். பெயர் சிங்கதேவர். திருட்டுக்கு அவர் எழுதிய சட்டம் சுலபமானது: போன பொருள் எவ்வளவோ, தண்டனையும் அவ்வளவு. பூசணிக்காய்க்குக் கசையடி, பொன்னுக்குச் சிறை. மந்திரி பெருஞ்சாத்தன்மேல் அவருக்கு ஓயாத பொறாமை. மந்திரி எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வது அவருடைய எழுதாத சட்டம்.

ஒரு நாள் மருக்கொழுந்து என்கிற இளம்பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு சபைக்கு வந்தாள். அவள் புருஷன் ராஜாவின் எல்லைக் காவலுக்குப் போயிருந்தான். முந்தின இரவு கூரன் என்பவன் அவள் வீட்டு மண்சுவரைத் துளைத்துக் கன்னம் வைத்துவிட்டான். கன்னம் வைக்கிறவன் எடுத்த எடுப்பில் தலையை நீட்டமாட்டான். உள்ளே யாராவது விழித்திருந்து தலையில் போட்டுவிட்டால்? அதனால் ஒரு கரிச்சட்டியைக் கம்பில் மாட்டி முதலில் உள்ளே விடுவான். கூரனும் விட்டான். மருக்கொழுந்து உலக்கையால் ஓங்கிப் போட்டாள், சட்டி நொறுங்கியது. அவள் போட்ட கூச்சலிலேயே உள்ளே இருப்பது ஒற்றைப் பெண் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கையை விட்டான். கை நீண்ட இடத்தில் பிள்ளையின் தூளி தொங்கியது. அடுத்த அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. தெருக்காரர்கள் ஓடிவந்து பிடித்தார்கள்.

“என்ன போயிற்று?” என்று கேட்டார் சிங்கதேவர்.

“ஒன்றும் போகவில்லை, ஐயா.”

“அப்படியானால் எதற்கு வந்தாய்?”

மந்திரி குறுக்கிட்டார். இரவில், ஆள் குடியிருக்கும் வீட்டுச் சுவரை, கெட்ட எண்ணத்தோடு துளைத்துக் கைவிட்டதே குற்றம்தான், எடுத்தால் அது இன்னொரு குற்றம் என்றார். அவ்வளவுதான், சிங்கதேவருக்கு வேகம் வந்துவிட்டது. கை மட்டும் போனால் அதை நுழைந்ததாக எப்படிக் கொள்வது? எண்ணத்தை யார் கண்டது? தாகத்துக்குத் தண்ணீர் தேடியிருக்கக் கூடாதா? சபையில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் கல்சுவர்.

“எல்லையில் பகைவன் ஒரு காலை வைத்தால் படை அனுப்புகிறீர்களே,” என்றாள் மருக்கொழுந்து. “எதைத் தூக்கிக்கொண்டு போனான் என்று கேட்டுவிட்டா அனுப்புகிறீர்கள்? என் வீட்டுக்காரர் அங்கேதானே நிற்கிறார்?”

“அது ராஜ்ஜியம். இது குடிசை,” என்றார் சிங்கதேவர்.

வெற்றிலை சக்கையாகிவிட்டது. தீர்ப்பும் வந்தது. சேதமானது சுவர், ஆகவே கூரன் அதைப் பூச ஒரு கூடை மண் தர வேண்டும். அவன் கைக்கு எண்ணெய்க்கட்டுப் போடுகிற செலவு மருக்கொழுந்தைச் சேர்ந்தது.

கூரன் துண்டை உதறித் தோளில் போட்டான். அவளைத் தாண்டும்போது, “தூளியை இடம் மாற்றிக் கட்டு, தாயி,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அவன் அடுத்த தெருக்காரன்.

அவள் அழவில்லை. அடிவயிற்றில் நெருப்பு இருக்கும்போது கண்ணில் தண்ணீர் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை சிங்கதேவர் மாளிகை வாசலில் ஒரு கூடை மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

“அபராதம், ஐயா. முன்கூட்டியே கட்டிவிட்டேன். இன்றைக்கோ நாளைக்கோ அடுத்த அமாவாசைக்கோ வந்து உங்கள் வீட்டில் கன்னம் வைப்பேன். ஒரு துரும்பைக்கூட எடுக்க மாட்டேன். கை மட்டும்தான் விடுவேன்.”

பொழுது சாய்வதற்குள் அவள் தெருப் பெண்களெல்லாம் ஆளுக்கொரு கூடையோடு வந்துவிட்டார்கள். வாசலில் மண் குன்றாகக் குவிந்தது. சிங்கதேவர் அரண்மனைக்கு ஓடி முறையிட்டார். ராஜாவுக்கு ஒரே வேடிக்கை. சட்டம் உம்முடையது, மண்ணும் வந்து சேர்ந்துவிட்டது, இன்னும் என்ன குறை என்று கேட்டு அனுப்பிவிட்டான்.

அன்றிலிருந்து சிங்கதேவர் பேரப்பிள்ளைகளை நடுக்கூடத்தில் படுக்க வைத்தார். எலி ஓடினால் எழுந்தார். பூனை குதித்ததற்குத் தம் வீட்டுத் தண்ணீர்ப் பானையையே தடியால் உடைத்தார். காவலுக்கு வைத்த ஆள்மேல் சந்தேகப்பட்டு அவனுக்கு ஒரு காவல் வைத்தார். நீங்கள் எழுதின சட்டத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குங்களேன் என்று சம்சாரம் இடித்துக் காட்டினாள். மருக்கொழுந்தோ அந்தப் பக்கமே வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் சபையில் நின்றபடியே தூங்கி, சிம்மாசனத்தின்மேல் சாய்ந்தார். ராஜா தட்டி எழுப்பினான்.

“அவளைச் சிறையில் போடுங்கள், மகாராஜா.”

“எதை எடுத்தாள்?”

“எதை எடுக்க வேண்டும்? குழந்தைகள் படுத்திருக்கும் வீடு. கை உள்ளே வந்த பிறகு, என்ன போயிற்று என்று எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ராஜா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, மருக்கொழுந்தையும் கூரனையும் அழைத்து வரச் சொன்னான்.

பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. மந்திரி சொல்லச் சொல்ல, புதுச் சட்டத்தைச் சிங்கதேவரே எழுதினார். இரவில் பிறர் குடியிருக்கும் வீட்டைத் துளைத்தோ திறந்தோ, குற்றம் செய்யும் எண்ணத்தோடு விரல் நுனியை உள்ளே விட்டாலும் குற்றம் முழுதாயிற்று. பொருள் போனால் அது தனிக் கணக்கு. உள்ளே ஆள் இருந்தால் தண்டனை கூடும்.

கூரன் தாகம் என்று ஆரம்பித்தான். சட்டி உடைந்த பிறகும் கையை விட்டவனுக்கு என்ன தாகமப்பா என்று கேட்டார் மந்திரி. நெடுங்காலச் சிறை என்றான் ராஜா. வாசலில் கிடக்கும் மண்ணைச் சிங்கதேவர் தம் தலையிலேயே சுமந்துபோய் அவள் சுவரைப் பூச வேண்டும் என்றும் சொன்னான். பிறகு தன் கைக்காப்பைக் கழற்றி, புத்திக்குப் பரிசு என்று அவளிடம் நீட்டினான்.

மருக்கொழுந்து கை நீட்டவில்லை.

“நான் தூங்காமல் கிடந்தபோது வழக்கே இல்லை என்றீர்கள், மகாராஜா. இவர் தூங்காமல் கிடந்ததும் சட்டமே வந்துவிட்டது. காப்பை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லையில் நிற்கிற என் வீட்டுக்காரரை அனுப்பி வையுங்கள்.”

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உத்தரவுகூடக் கேட்காமல் போய்விட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லைக்குக் குதிரை கிளம்பிவிட்டது.