பத்து வட்டங்களுக்கு மேலே

கழுதைகூட மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு மலை. மலைமேல் யூதர்களின் ஊர் ஒன்று. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் கடவுளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

சஃபேத் என்று ஊருக்குப் பெயர். கபாலா என்னும் மறைஞானத்தை அங்கே நாற்பது வயது தாண்டாதவர்களுக்குக் கற்றுத்தர மாட்டார்கள். ஒபதியா நாற்பது முடிந்த மறுநாளே ரபி எலியாக்கீம் என்ற குருவின் வாசலில் போய் நின்றவர். இரண்டு வருஷமாகப் படிக்கிறார். தாடி நரைத்துவிட்டது, ஆனாலும் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்வார்.

அந்தக் கோடையில் கொள்ளைநோய் வந்தது. கம்பளிக்குச் சாயம் போட்டுப் பிழைத்த ரேய்னா என்ற விதவையின் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் கொண்டுபோனது.

புதைத்துவிட்டு வந்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காப்பது அவர்கள் வழக்கம். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் வணக்கம் சொல்லக்கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை தாமாக ஒரு சொல்லும் பேசக்கூடாது.

ஒபதியா முதல் நாளே போனார். ரேய்னா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவருக்கு மனசு தாங்கவில்லை. பேசிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, ரபி பாடம் சொல்லிக்கொண்டிருந்த அறைக்குள் ரேய்னாவின் பக்கத்து வீட்டுக்காரி தீனாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உங்கள் சீடர் வந்துவிட்டுப் போனதிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. நாங்கள் கொண்டுபோன பருப்பும் முட்டையும் அப்படியே கிடக்கிறது. இந்தப் படித்தவர் வாய்க்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதா, ரபி?"

ரபி ஒபதியாவைப் பார்த்தார். "அவளிடம் என்ன சொன்னாய்?"

"நீங்கள் கற்றுத்தந்ததைத்தான், குருவே. எல்லையில்லாதவரான கடவுளிடமிருந்து பத்து ஒளிகள் இறங்குகின்றன. வலக்கை கருணை. இடக்கை தண்டனை. மனிதன் பாவம் செய்தால் இடக்கை ஓங்கும். காரணம் தெரிந்தால் மனம் ஆறுமே என்று..."

"நன்றாகத்தான் ஆறியிருக்கிறது," என்றாள் தீனாள்.

ஒபதியா குருவின் பக்கம் திரும்பினார். "நான் பாதிதான் சொன்னேன். நீங்கள் வந்து முழுசாக விளக்குங்கள் குருவே. இல்லாவிட்டால் செத்துப்போவாள்."

ரபி எழுந்து செருப்பைத் தேடினார்.

ரேய்னா வீட்டில் மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ரபி ஒன்றும் விளக்கவில்லை. வெயில் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. ஒபதியாவுக்குக் கால் மரத்துப்போனது. இப்போதாவது பேசுவார், இதோ பேசுவார் என்று அவர் குருவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரேய்னாதான் பேசினாள். உதடு வெடித்திருந்தது.

"ஒரு வெள்ளிக்கிழமை சாயத்தொட்டி அடுப்பை அணைக்கப் பிந்திவிட்டது. பொழுது விழுந்து, நெருப்பைத் தொடக்கூடாத ஓய்வுநாள் பிறந்த பிறகுதான் அணைத்தேன். அதுதானா, ரபி?"

"தெரியாது, அம்மா."

"அது இல்லை என்றாவது சொல்லுங்கள்."

"அதுவும் தெரியாது."

ஒபதியா குருவை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷர்?

"எத்தனை வருஷமாகப் படிக்கிறீர்கள்?" என்று கேட்டாள் ரேய்னா.

"முப்பது."

"முப்பது வருஷத்தில் இது தெரியவில்லையா?"

"இவனைப் போல இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது தெரிந்தது."

"பின்னே என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"சின்னவன் ஆசேர் என் சன்னலில் ஒலிவக்கொட்டை எறிவான். பெரியவன் ஏலா அவன் காதைத் திருகி இழுத்துப்போவான். இரண்டு பேர் குழியிலும் மண் போட்டேன். அது தெரியும்."

ரேய்னாவின் முகம் கோணியது. மூன்று நாளாக வராத அழுகை வந்தது. அழுதபடியே தரையை ஓங்கி அறைந்தாள்.

"அப்படியென்றால் காரணம் கடவுளிடம்தானே இருக்கிறது? அவரே வந்து சொல்லட்டும்! ஒருத்தனையாவது விட்டுவைத்தாரா? சொல்லும்வரை அவரை நான் மன்னிக்க மாட்டேன்."

ஒபதியா காதைப் பொத்திக்கொள்ளப் போனார்.

"ஆமென்," என்றார் ரபி.

தீனாள் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். ரேய்னா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

வெளியே வந்ததும் ஒபதியாவால் பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பேச்சுக்கு ஆமென் சொன்னீர்களே, குருவே! பத்து ஒளிகளையும் வட்டம் வட்டமாக வரைந்து காட்டியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"இடக்கை தண்டனை என்றீர்கள்."

"என்றேன். பத்து வட்டங்களுக்கு மேலே, எல்லையில்லாதவர் இருக்கும் இடத்தில் என்ன வரைந்தேன்?"

"ஒன்றும் வரையவில்லை. தாளை வெறுமனே விட்டுவிட்டீர்கள்."

"ஏன் என்று நீ கேட்கவில்லையே."

"மை தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்."

ரபி சிரிக்கவில்லை.

"துக்கம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது," என்றார். "உள்ளே போய் உட்கார்."

"நானா? முகத்தைப் பார்த்ததுமே வெளியே போ என்பாள்."

"சொன்னால் வாசலில் உட்கார்."

ஒபதியா கதவைப் பார்த்தார். உள்ளே ரேய்னாவின் அழுகை இன்னும் ஓயவில்லை.

"ஏதாவது கேட்டாளென்றால், குருவே?"

"உனக்குத் தெரிந்ததைச் சொல்."

ஒபதியா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். ரபி சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.