பின்னல் வயர்

வடபழனி ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகிக்குக் கொடுக்கும் ஹெட்போனின் வயர் அறுந்துபோனது. அங்கே உதவியாளராக இருந்த லூர்துமேரி, நன்றாக வளைந்துகொடுக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளைத் தேடிப் பிடித்து, ஜடைபோலப் பின்னிப் புது வயர் செய்தாள்.

முதலாளி ஞானவரதன் சிரித்தார். “ஜடை பின்னவா உன்னை வேலைக்கு வச்சேன்? சிங்கப்பூர்ல வாங்கின என் வெள்ளி வயருக்கு இது ஈடாகுமா? கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டே எது எந்த வயருன்னு சொல்லிடுவேன். சொல்லிட்டா நீ வீட்டுக்குப் போயிடணும்.”

“சரி சார். சொல்ல முடியலன்னா இன்னைக்குப் பாட்டுக்கு என் வயர்தான்.”

வாத்தியக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஞானவரதன் கண்ணை மூடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். லூர்துமேரி வயரைச் செருகிப் பாட்டை ஓடவிட்டாள்.

“இது செம்பு. தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கு.”

அவள் வயரைக் கழற்றி மறுபடி செருகினாள்.

“ஆகா! இதுதாம்மா வெள்ளி. வீணை என்னமா பேசுது!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் கண்ணைத் திறந்தார். ஹெட்போனில் இருந்தது பின்னல் வயர். வெள்ளி வயர் அதன் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை.

“என் வயரை இவ்வளவு புகழ்வீங்கன்னு எதிர்பார்க்கல சார்,” என்றாள் லூர்துமேரி.

பாடகி அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, “டேக் போலாமா?” என்றாள்.