புல் முளைத்த வழி

ஒரு காட்டில், அடைமழை பெய்து ஓய்ந்து, பார்த்த இடமெல்லாம் புல் முளைத்துக்கொண்டிருந்த காலம். காட்டின் நடுவே ஓர் ஆலமரம். அதைச் சுற்றியிருந்த புதர்களிலும் வளைகளிலும் அம்மா இல்லாத குட்டிகள் வளர்ந்துவந்தன.

அந்தக் குட்டிகளுக்கெல்லாம் பொறுப்பு ஒரு கரடி. காட்டுப்பசு தரும் பாலை இலைத் தொன்னையில் கொண்டுபோக, குளிருக்குச் சருகு பரப்ப, பக்கத்தில் படுத்துத் தூங்கவைக்க, கரடியிடம் மூன்று பேர் இருந்தார்கள். ஓடி ஓடி உழைக்கும் கீரி. வாய் ஓயாத காட்டுக்கோழி. ஆடி அசைந்து வரும் முள்ளம்பன்றி.

கரடிக்குத் தன் காதுகள்மேல் அபார நம்பிக்கை. புற்றின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ, அந்தப் பக்கம் ஆளை அனுப்பும்.

"ஓடைப் பக்கம் சத்தம்! கீரி, ஓடு!"

இதை நரிக்குட்டிகள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டன.

"உனக்குப் பசிக்கிறதா?" என்றது ஒன்று.

"இல்லையே. இப்போதுதானே குடித்தோம்."

"எனக்கும் பசியில்லை. ஆனால் கோழி அக்கா இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது."

எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன.

"நரி வளைக்கு ஆள்! எல்லோரும் போங்கள்!" என்று கத்தியது கரடி.

காட்டுக்கோழி மூச்சிரைக்க வந்து நின்றது. "வயிறு பலாப்பழம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. இதில் ஊளை வேறா? உங்களுக்குக் கொழுப்பு!"

நரிக்குட்டிகள் புரண்டு புரண்டு சிரித்தன.

ஒரு நாள் காலை கீரி கரடியிடம் வந்தது. அதன் பாதங்கள் வெடித்திருந்தன.

"பெரியவரே, நாளையிலிருந்து நான் வரமாட்டேன்."

"நீயுமா? முதலில் மயில் போனாள். அப்புறம் உடும்பு போனான். இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமையே கிடையாது."

"பொறுமை இருக்கிறது பெரியவரே. ஓடுவதற்குக் கால்தான் இல்லை."

கரடி தலையைச் சொறிந்தது. "சரி, பொழுது சாயும்வரையாவது இரு."

"இருக்கிறேன்," என்றது கீரி.

கவலை வந்தால் கரடிக்குத் தேன் வேண்டும். பாறையிடுக்கில் ஒரு பெரிய தேன்கூடு இருந்தது. ஆத்திரத்தில் புகையும் போடவில்லை, பொறுத்தும் பார்க்கவில்லை. தலையை அப்படியே உள்ளே விட்டது. தேனீக்கள் சும்மா இருக்குமா? இரண்டு காதுகளும் பணியாரம்போல வீங்கி அடைத்துக்கொண்டன.

திரும்பி வந்து புற்றின்மேல் உட்கார்ந்தது. கண்ணை மூடியது. ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தால், எதிரே மூன்று பேரும் நின்று வாயை வாயை அசைத்தார்கள். "யாரிடம் போகட்டும்?" என்றுதான் கேட்டார்கள். கரடிக்கு எப்படித் தெரியும்?

"எல்லோரும் கொட்டாவியா விடுகிறீர்கள்?" என்றது கரடி. "சரி, எந்தக் குட்டி வாயைத் திறக்கிறது என்று மேலேயிருந்து நானே பார்க்கிறேன்." சொல்லிவிட்டு ஆலமரத்தில் ஏறியது.

உச்சிக் கிளையிலிருந்து குனிந்து பார்த்த கரடி அப்படியே நின்றுவிட்டது.

கீழே காடு பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தது. ஆள் நடந்த இடத்தில் மட்டும் புல் தேய்ந்து, மண் தெரிந்தது. நரி வளைக்குப் போகும் வழி வண்டிப்பாதைபோல அகலமாகக் கிடந்தது. முயல்குட்டிகளிடம் போகும் வழி கயிறுபோல மெலிந்திருந்தது. கிளிக்கூட்டின் மரத்தடிக்கு வழியே இல்லை. ஆனால் அங்கே காட்டுக்கோழி பறந்துதானே போகும்? அதனால் கரடி பதறவில்லை.

ஈச்சம்புதருக்கும் வழி இல்லை. அங்கே புல் வளர்ந்து பூவே விட்டிருந்தது.

"அந்தப் புதரில்..." என்று இழுத்தது கரடி. "அங்கே புள்ளிமான் குட்டியை அல்லவா விட்டிருந்தோம்!"

இறங்கவில்லை, சறுக்கியே விட்டது. முன்னால் கரடி, பின்னால் தொன்னையில் பாலோடு கீரி. புல்லை விலக்கிப் பார்த்தார்கள்.

மான்குட்டி சருகோடு சருகாகப் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. கண் மட்டும் அசைந்தது. வாய் எட்டிய இடத்துப் புல்லெல்லாம் மொட்டையாக இருந்தது. அதையும் பனித்துளியையும் வைத்துத்தான் உயிர் பிழைத்திருந்தது.

"இனிமேல் சத்தம் போடலாமா?" என்று மெல்லக் கேட்டது.

"ஏன் கண்ணே, இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை?" என்றது கீரி.

"புலி அம்மாவைத் துரத்தியது. ஓடுவதற்கு முன் அம்மா சொன்னாள். யாராவது பக்கத்தில் இருந்தாலொழிய மூச்சுக் காட்டாதே என்று. கோழி அக்கா முதலில் வந்தார்கள். அப்புறம் ஊளைச் சத்தம் கேட்டுப் போய்விட்டார்கள். இப்போது நீங்கள் வந்துவிட்டீர்கள்தானே?"

கீரி பாலைக் குட்டியின் வாயருகே வைத்தது.

கரடிக்கு இது எதுவும் கேட்கவில்லை. "என்ன சொல்கிறது? ஏன் அழவில்லையாம்?"

கீரி தன் வாயைப் பாதத்தால் பொத்திக் காட்டியது.

கரடி அதைப் பார்த்தது. பிறகு திரும்பவும் மரத்தில் ஏறியது. இந்தத் தடவை புதர் புதராகப் பார்த்தது. கடைசியில் மேலேயிருந்தே கேட்டது: "கீரி, உன் வளை எது?"

கீரி கையை நீட்டியது.

அந்தப் பக்கம் வழியே தெரியவில்லை. வளையின் வாய்கூடத் தெரியவில்லை. அவ்வளவு புல்.

"நீ வீட்டுக்கே போவதில்லையா?"

கீரி தலையைக் குனிந்துகொண்டது.

"மயில் வீட்டு வழியிலும் இப்படித்தான் புல் முளைத்திருக்கும்," என்று கரடி தனக்குள் சொல்லிக்கொண்டது. "நான்தான் ஏறிப் பார்க்கவில்லை."

உடனே வேலையைப் பிரித்துக் கொடுத்தது. மான்குட்டிக்கு இனி முள்ளம்பன்றி. நாளுக்கொரு ஆள் மாறாமல் அதே ஆள், குட்டிக்கு வாசனை பழகவேண்டும் அல்லவா? நரி வளைக்குப் பால் நேரத்தில் மட்டும் காட்டுக்கோழி.

"முள் குத்தாமல் படுக்கத் தெரியுமா உனக்கு?" என்று சீண்டியது காட்டுக்கோழி.

"உன் வாயைவிட என் முள் தேவலை," என்றது முள்ளம்பன்றி.

நரிக்குட்டிகள் ஊளையிட்டுப் பார்த்தன. யாரும் ஓடிவரவில்லை. சற்று நேரத்தில் அலுத்துப்போய்த் தூங்கிவிட்டன.

காது வீக்கம் வற்றிய பிறகும் கரடி நாள்தோறும் மரம் ஏறியது. புல்லைப் பார்த்துவிட்டுத்தான் காதைத் தீட்டியது. ஆனால் அது பின்னால். அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வெயில் இருக்கும்போதே கரடி கீரியிடம் வந்தது. "நீ கிளம்பு. நாளைக் காலை நான் மேலேயிருந்து பார்க்கும்போது, உன் வளைக்கு வழி தெரியவேண்டும்."

கீரி கொஞ்சம் யோசித்தது. "ஒரு நாள் நடந்தால் வழி விழாது பெரியவரே. தினமும் போய்வந்தால்தான் விழும்."

"என்ன? வருவாயா, மாட்டாயா?" என்றது கரடி.

கரடியின் காது வீங்கியிருந்ததை மறந்து, "அப்படியென்றால் நாளைக்கும் வருவேன்," என்றது கீரி. பிறகு சிரித்துக்கொண்டே தலையை மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டியது.

இடுப்பளவு புல்லை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு, கீரி தன் வீட்டைப் பார்த்து நடந்தது.

நீதி: கூப்பிடும் குரலுக்கு மட்டும் ஆளை அனுப்பாதே, கால் படாத இடம் எது என்று பார்த்து அனுப்பு.