எள்ளுப்பாகில் பதிமூன்று துண்டு

முன்னொரு காலத்தில் நொச்சிநாட்டை இடிவர்மன் என்று ஒரு ராசா ஆண்டான். வாய் பெரிது. கணக்கு சிறிது. அவன் சொன்னதும் முரசடித்துவிடுவார்கள். அடித்தால் அடித்ததுதான். மாற்ற முடியாது.

ஒருநாள் மடைப்பள்ளிக்காரி அங்காயி ஆள் நீளத்துக்கு எள்ளுப்பாகுப் பாளம் ஒன்று செய்து சபைக்குக் கொண்டுவந்தாள். ராசாவுக்கு வாயெல்லாம் பல். ஒரு வேடிக்கை சொன்னான். தளபதி வயிறு குலுங்கச் சிரித்தான்.

"தளபதிக்குப் பாதி!" டம் டம்.

வாசலில் பட்டத்து யானை பிளிறியது.

"அடடே, அதற்கும் புரிந்துவிட்டது! யானைக்கு மூன்றில் ஒன்று!" டம் டம்.

செம்பியராயர் என்று ஒரு பிரதானி. கணக்கில் புலி. அங்காயியைத் துரத்திவிட்டுத் தன் மச்சானை மடைப்பள்ளியில் நுழைக்கத் தவிக்கிற ஆள். எழுந்து குனிந்தார்.

"அரசே, எனக்குக் கால் பங்கு போதும். அங்காயியே பங்கு போடட்டும். யாருக்காவது குறைந்தால் மொட்டையடித்து வெளியே அனுப்பலாமே?"

"ஆகட்டும்!" டம் டம்.

அங்காயி கத்தியை எடுத்தாள். பாதி ஒரு அளவு, மூன்றிலொன்று வேறு அளவு, கால் இன்னொரு அளவு. இதை எப்படிக் கூட்ட? மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே அளவுத் துண்டு வேண்டும். இரண்டு, மூன்று, நாலு எல்லாவற்றாலும் வகுபடுவது பன்னிரண்டு. அதில் பாதி ஆறு. மூன்றிலொன்று நாலு. கால் மூன்று. கூட்டினால் பதிமூன்று!

பன்னிரண்டு துண்டில் பதிமூன்று எப்படி எடுக்க? ராசா கணக்கு தப்பு என்றால் தலை போகும். சொல்லாவிட்டால் முடி போகும்.

சட்டென்று பாளத்தைச் சமமாய்ப் பதிமூன்றாக நறுக்கினாள். தளபதிக்கு ஆறு. யானைக்கு நாலு. ராயருக்கு மூன்று.

ராயர் துள்ளினார். "மோசடி! பதிமூன்றில் பாதி ஆறரை! எல்லாருக்கும் குறைகிறது!"

"மிச்சம் ஒரு துணுக்குகூட இல்லையே, சாமி. அப்போது ராசா பங்கு சொன்னதுதான் தப்பு என்கிறீர்களா?"

ராசாவின் புருவம் ஏறியது. "என்ன ராயரே, நான் சொன்னது தப்பா?"

"ஐயய்யோ! தப்பே இல்லை அரசே!"

"அப்போது இவள் போட்டது?"

"சரி... சரியோ சரி."

"பிறகு ஏன் குதித்தீர்?" ராசா முழித்தான். "அது கிடக்கட்டும். எனக்கு எங்கே?"

"நீங்கள் உங்களுக்குப் பங்கே சொல்லவில்லை, ராசா," என்றாள் அங்காயி. "பாதியும் மூன்றிலொன்றும் போனால் பன்னிரண்டில் இரண்டுதான் மிச்சம். கணக்கில் புலியான ராயர் அது தெரிந்தே மூன்று கேட்டார்."

ராசா விரல்விட்டு எண்ணினான். பத்தோடு விரல் தீர்ந்தது. தளபதியைக் கூப்பிட்டு அவன் விரலையும் சேர்த்து எண்ணினான். புரிந்தது.

"பங்கு கொடுத்தாயிற்று. திருப்பி வாங்கக் கூடாதென்று முரசு சொல்லவில்லையே!" என்று ராயரின் மூன்று துண்டையும் பறித்தான். ஒன்று அங்காயிக்கு, இரண்டு தன் வாய்க்கு. "இனி அங்காயி கூட்டிச் சொன்ன பிறகுதான் முரசு! மொட்டை ராயருக்கு!"

தளபதி திரும்பிப் பார்த்தான். அவன் விரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், யானை அவனுடைய ஆறையும் தின்றுவிட்டிருந்தது.